நீட்டிய கால்

ரெவினியூ இலாகாவில் சுற்றுப்பயணம் போகிறவனுக்கு முழங்கால் முக்கியம் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. விதிகள் எல்லாவற்றையும் படித்தவன் நான், தேடியும் பார்த்தேன். ஆனால் என் உத்தியோகம் அந்த முழங்காலில்தான் நின்றது. பாளையங்கோட்டையிலிருந்து வள்ளியூர் வரை கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் பொறுப்பு. போக முடியாதவனை ரிக்கார்டு அறைக்கு அனுப்புவார்கள். அங்கே போனவர்கள் ஓய்வு பெற்றுத்தான் வெளியே வந்தார்கள்.

மாட்டுவண்டிக் குலுக்கலில் முதுகு போனதால், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் மோட்டார் சைக்கிளை வாங்கினேன். முதுகு பிழைத்தது, வலது முழங்கால் மாட்டிக்கொண்டது. அந்தக் காலத்து வண்டியில் கால் வைக்க மிதிகட்டைதான் உண்டு. இஞ்சின் பிடிக்கும்வரை அதை மிதிக்க வேண்டும். பிடித்த பிறகு ஒன்று மேலே, ஒன்று கீழே என்று அசையாமல் நிற்கும். நாங்குநேரி தாண்டுவதற்குள் மடங்கிய கால் மரத்துவிடும். வள்ளியூரில் கணக்குப்பிள்ளைகள் என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். ஊர் அதை மரியாதை என்று நினைத்தது.

சீமைப் பத்திரிகை ஒன்றில் கால்தாங்கிக்கு விளம்பரம் வந்திருந்தது. வரவழைக்கப் பொறுமை இல்லை. கொல்லரிடம் படத்தைக் காட்டினேன். வண்டியின் முன்குழாயில் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி, அதன் இரு முனையிலும் தோல் சுற்றிய மரக்கட்டை. இரண்டு கால்களையும் முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளலாம். கங்கைகொண்டான் வரை ஓட்டிப் பார்த்தேன். யாரும் பிடிக்காமல் இறங்கி நடந்தேன்.

படத்தில் இல்லாத சங்கதி ஒன்று இருந்தது. சீமையில் எதிரே வருகிறவன் உள்ளங்காலைப் பார்த்தால் பேசாமல் போய்விடுவான் போலும். இங்கே என் பாதங்கள் எனக்கு முன்பாக ஊருக்குள் நுழைந்தன. வள்ளியூர்ச் சந்தையில் ஒரு வாழைக்காய் வியாபாரி வழிமறித்தார்.

"என்ன வே, காலை நீட்டிக்கிட்டு வாரீரு? எங்க மூஞ்சியில வைக்கவா?"

முழங்கால் வலி என்றேன். முழங்கால் எல்லாருக்கும்தான் இருக்கிறது, அது மடக்குவதற்குத்தான் இருக்கிறது என்றார்.

அதன்பின் ஒரு நடைமுறை வகுத்துக்கொண்டேன். ஆள் தென்பட்டால் கால் மிதிகட்டைக்கு; வெறும் பனங்காடு என்றால் கம்பிக்கு. கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ வந்தால் மடக்க வேண்டும். அந்தச் சாலையில் எது வராமல் இருந்தது? மடக்கி நீட்டியே முழங்கால் இன்னும் கெட்டது.

ஒரு நாள் திரும்பும்போது அலுப்பில் கண் சொருகியது. வளைவில் எதிரே வில்வண்டி. உள்ளே என் மேலதிகாரி, நம்மூர்க்காரர். துரையாக இருந்தால் என் வண்டியின் வேகத்தை விசாரித்திருப்பார். மடக்க நினைப்பதற்குள் என் இரண்டு பாதங்களும் அவர் முகத்துக்கு நேரே போய்க் கடந்துவிட்டன. வண்டியை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, நொண்டியபடி திரும்பிப் போய் நின்றேன்.

"உமக்கு முட்டுவலின்னு சொன்னாவ. நான் நம்பல," என்றார். குரலில் கோபமே இல்லை. "காலை நீட்டிக்கிட்டே பாக்குத வேலை ஒண்ணு இருக்கு வே. பைய வீடு போய்ச் சேரும்."

குற்றச்சாட்டு இல்லை, விளக்கமும் கேட்கவில்லை. தண்டனைக்கு மேல்முறையீடு உண்டு, கரிசனத்துக்கு இல்லை.

மாற்றல் உத்தரவு வந்ததும் மோட்டார் சைக்கிளை விற்றேன். கம்பியை மட்டும் கழற்றி, ரிக்கார்டு அறையில் என் மேசைக்கு அடியில் பொருத்தினேன். நாள் முழுவதும் கால் நீட்டியிருந்தேன். எதிரே பழைய கட்டுகள்தான்; அவை கோபித்துக்கொள்ளவில்லை. முழங்கால் நன்றாகக் குணமாயிற்று. போவதற்குத்தான் இடம் இல்லை.