சித்தி நட்ட பன்னீர் ரோஜா

பன்னீர் ரோஜாவைப் பறித்த விரல்களில், களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் அந்த வாசம் போகாது. வகுப்பில் பாடம் நடக்கும்போதெல்லாம் நான் விரல்களை மூக்கருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் செடி மொரப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தது அம்மாவின் தங்கை கமலா சித்தியோடு. கணவரின் அடி தாங்காமல் ஒரு தை மாதத்தில் ஏரியூரிலிருந்து கிளம்பி வந்தவளிடம் ஒரு துணிப்பையும், அங்கே தான் வளர்த்த செடியிலிருந்து ஒடித்து ஈரத்துணியில் சுற்றிய குச்சியும்தான் இருந்தன. யாரோடும் அதிகம் பேசாமல், குச்சியின் மேல்நுனியில் சாணி அப்பி, கொல்லையில் நட்டு வைத்தாள்.

அது துளிர்விட்ட நேரம் பார்த்துக் கிணறு வற்றியது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்று வந்த அம்மா, "குடிக்கவே தண்ணியக் காணோம், செடிக்கு எங்க போறது கமலா?" என்றாள். மறுநாள் அப்பா, தான் நின்று குளிக்கும் கல்லைப் புரட்டிக்கொண்டு போய்ச் செடிக்குப் பக்கத்தில் போட்டார். சோப்புத் தண்ணீர் செடிக்கு ஆகாது என்று யாரோ சொல்ல, காட்டிலிருந்து புழுதியும் வியர்வையுமாக வரும் அந்த மனிதர் அந்தக் கோடை முழுக்கச் சோப்பே போடாமல் குளித்தார்.

ஆவணியில் சித்தியின் கணவரும் மாமியாரும் அவளை அழைத்துப்போக வந்தார்கள். "எத்தன நாளைக்கு அக்கா வூட்டுலயே இருக்கும்? ஊரு என்ன பேசும்?" என்று மாமியார் கேட்டபோது அம்மாகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா சித்தியைப் பார்த்து, "போவணும்னு தோணுச்சுன்னா நானே கொண்டுபோயி வுடறேன். இல்லன்னா இரும்மா. இது உன் வூடுதான்" என்றார்.

சித்தி நிமிர்ந்தாள். "நான் வரலைங்க" என்றாள். வந்தவர்கள் காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

மழை ஓய்ந்து செடி பூத்தது. முதல் பூவைச் சித்தி அம்மாவின் தலையில் வைத்துவிட்டாள். அம்மா அவள் கையைப் பிடித்தவள் கொஞ்ச நேரம் விடவே இல்லை.

இன்று அந்த வீட்டை இடித்து மாடி கட்டியாகிவிட்டது. கொல்லை முழுக்கச் சிமெண்டுத் தரை. அப்பாவும் இல்லை. சித்தி தருமபுரியில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு நன்றி சொன்னதுண்டா என்று போன மாதம் அவளிடம் கேட்டேன்.

"மாமாகிட்ட அதெல்லாம் சொல்ல முடியுமா? போயி வேலையப் பாரும்மான்னுடுவாரு" என்று சிரித்தவள், மெஷினை நிறுத்திவிட்டு, தைத்துக்கொண்டிருந்த துணியில் கோணலாக ஓடிய தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.