லைசானி கையெழுத்திட்ட சட்டை

வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருடமும் லைசானிக்குச் சட்டை மடிக்கிற வேலைதான். தீவு நாட்டுத் தலைநகரான சுவாவில், வாலு பே துறைமுகச் சாலையில், தகரக் கூரைக்குக் கீழே நாற்பது தையல் மெஷின்கள் ஓடுகிற தொழிற்சாலை. சட்டைக்குள் வைக்கிற அட்டையின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கிறது என்று, மதிய இடைவேளையில் அவள் பால்பாயின்ட் பேனாவால் எதையாவது வரைந்துகொண்டிருப்பாள். ஈரப்பலா இலை, மீன் முள், கப்பல் கயிற்றின் முடிச்சு. ஒரு முறை அந்த அட்டை சட்டையோடு கடைக்கே போய்விட்டது. கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு முதலாளி கிரித்பாயிடம் வந்தார்.

கிரித்பாய் அட்டையும் கையுமாக மடிப்பு மேசைக்கு வந்து நின்றபோது வேலை போயிற்று என்றே லைசானி நினைத்தாள். அவர் கேட்டது வேறு. "இதைத் துணி முழுக்க ஓட விட முடியுமா உன்னால?"

முடியும் என்று சொல்லிவிட்டாள். துணி முழுக்க ஓட விடுவது என்றால் என்னவென்று அதற்குப் பிறகுதான் துணிக்கு மை அச்சிடும் சட்டங்களைச் செய்கிற ஷாலனிடம் போய்க் கேட்டாள். ஒரு கட்டத்தின் வலது ஓரத்தில் அறுபடுகிற கோடு அடுத்த கட்டத்தின் இடது ஓரத்தில் பிசகாமல் தொடங்க வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அதுதான் எல்லாம் என்றான் ஷாலன். நான்கு மாதம் ஆயிற்று. அந்த ஈரப்பலா இலைச் சட்டையை முதன்முதலாக மீன் சந்தையில் ஒரு மனிதர் உடம்பில் பார்த்தபோது, அவர் பின்னாலேயே மூன்று கடை தள்ளி நடந்தாள். அவர் திரும்பி என்ன வேண்டும் என்று கேட்டதும் வெட்கத்தில் தேவையில்லாமல் ஒரு கட்டு சேப்பங்கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம். வங்கிக்காரர்கள் வெள்ளிக்கிழமை போடும் சட்டை, தேவாலயப் பாடகர் குழுவின் உடுப்பு, ரக்பி அணியின் பயணச் சட்டை என்று அவள் கை படாத, பூவும் இலையும் அச்சிட்ட பூலா சட்டை சுவாவில் குறைவு. எதிலும் அவள் பெயர் கிடையாது. அவளும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. வரையும் அறையில் நான்கு பேர், அவள்தான் மூத்தவள். கணவன் செமி தீவுக் கப்பலில் வேலை; பத்து நாளுக்கு ஒரு தரம் வருவான். வாழ்க்கை ஒரு ஒழுங்கில் ஓடிக்கொண்டிருந்தது.

கிரித்பாயின் மகள் ஹேத்தல் ஆக்லாந்தில் எட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். நல்ல பெண். வந்த முதல் வாரமே தையல்காரர்களோடு உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டாள். வடிவம் வரைய அவள் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவை எல்லோரும் மெஷின் என்றே சொன்னார்கள். கேட்பதைச் சொற்களில் எழுதினால் போதும், ஒரு டீ ஆறுவதற்குள் நாற்பது வடிவம் திரையில் வந்து நின்றது. லைசானிக்கு வந்தது கோபமில்லை, வியப்பு. சில வடிவங்கள் உண்மையாகவே அழகாக இருந்தன. அதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஓர் அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவள் கை அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு சுருளின் முடிவிலும் சின்னதாக ஒரு கொக்கி. இடது கைக்காரியான அவள் பேனாவை எடுக்கும்போது தானாக விழுகிற கொக்கி அது. ஷாலன் இருபது வருடமாக அதைச் சொல்லிக் கேலி செய்வான். ஹேத்தலிடம் கேட்டாள்.

"ஆமா ஆன்ட்டி, உங்க பழைய டிசைன் எல்லாத்தையும்தான் அதுக்குக் காட்டினேன். கம்பெனியோடதுதானே அது?" என்றாள் ஹேத்தல். குரலில் கள்ளம் எதுவும் இல்லை. லைசானி அந்தக் கொக்கியை இன்னொரு தரம் பார்த்தாள். கம்பெனியோடதுதான் போலிருக்கிறது.

அந்த வருடம் முடிவதற்குள் வரையும் அறை காலியாயிற்று. இருவரைத் தையல் வரிசைக்கு மாற்றினார்கள். மூன்றாமவனான டேவிட்டா பழம் பறிக்க ஆஸ்திரேலியா போனான். லைசானி மட்டும் மிஞ்சினாள். அவளுக்கு இப்போது வரைகிற வேலை இல்லை, பார்க்கிற வேலை. மெஷின் தருவதில் தப்பு இருந்தால் ஒதுக்க வேண்டும். சரியாக இருந்தால் 'பார்த்தது' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு அறுபது.

"இப்ப நீதான்க்கா பெரிய ஆபீசர்," என்றான் ஷாலன். "வெறும் கையெழுத்துதான்."

"உன் வாயை முதல்ல சட்டத்துல மாட்டி மை பூசணும்," என்றாள் அவள்.

மீன்வள அதிகாரிகள் கூட்டம் ஒன்றுக்கு நானூறு சட்டை கேட்டு வந்தது அந்தச் சமயத்தில்தான். அன்றைக்கு ஐம்பத்தெட்டாவதாக வந்த வடிவம் அது. மாலை நேரம்; கண் எரிந்தது; ஐந்து மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. கீழ் ஓரத்தில் ஓடிய வரிசையைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. மூன்று முக்கோணம், நடுவில் பிளந்த வட்டம். எங்கோ பார்த்தது போலிருந்தது. எங்கே என்று யோசிக்க இரண்டு நிமிடம் தேவைப்பட்டிருக்கும். அவள் யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

முதல் தொண்ணூறு சட்டை போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், அதைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற அதிகாரிகளின் படம் ஃபேஸ்புக்கில் வந்தது. மறுநாள், கப்பலில் போக வேண்டிய ஒரு தீவில் இருக்கும் நாசோலேவு ஊரிலிருந்து போன் வந்தது. அந்தத் தீவில் மரப்பட்டையை அடித்து மாசித் துணி செய்கிற ஊர் அது. அந்த ஓர வரிசை அவர்கள் குடும்பத்துடையது. தலைவர் இறந்தால் அவர் உடல்மேல் விரிக்கிற துணிக்கு மட்டுமே போடுவது. இப்போது அதை உடுத்திக்கொண்டு ஆட்கள் தட்டில் கறி வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

கேட்டவுடன் லைசானிக்கு நினைவு வந்துவிட்டது. அவர்களின் தலைவர் இறந்தபோது செமியோடு போன ஊர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில், அந்த வரிசையைக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

வக்கீலைக் கூப்பிட்டார்கள். அவர் தெளிவாகவே சொன்னார். வரைந்தது மெஷின், மெஷினைப் படைப்பாளி என்று சட்டம் சொல்வதில்லை. ஊராரின் வடிவமும் எங்கும் பதிவாகவில்லை. ஆகவே வழக்கு நிற்காது. ஹேத்தல் பெருமூச்சு விட்டாள். கிரித்பாய் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார்.

"கேஸ் நிக்காதுன்னு எனக்கும் தெரியும்," என்றார். "நாளைக்கு அந்த ஊர்க்காரன் ஒருத்தன் எதிர்ல வந்தா நான் எந்தப் பக்கம் பாக்குறது?"

கப்பலில் நான்கு பேர் போனார்கள். கிரித்பாய், ஹேத்தல், லைசானி, சரக்கு வண்டி ஓட்டும் அபெனிசா. அபெனிசாவுக்கு அந்தப் பக்கத்து முறைப்பேச்சு தெரியும். தொழிற்சாலையில் அவன் டிரைவர், அந்தத் தீவில் அவன் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. மன்னிப்புக் கேட்கும்போது முறைப்படி கொடுக்கிற ஒரு திமிங்கலப் பல்லும், கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் ஒரு கட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஹேத்தலுக்கு இடுப்பில் சுற்றுகிற சுலுத் துணியைக் கட்டத் தெரியாததால் கப்பல் தளத்திலேயே லைசானி கட்டிவிட்டாள்.

ஊர் மண்டபத்தில் பாயில் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். அபெனிசா பல்லை இரு கைகளிலும் ஏந்தி, குரலைத் தாழ்த்தி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். எதிர்ப்பக்கமிருந்து பல்லை வாங்க ஒரு கையும் நீளவில்லை. கடைசியில் மாசி செய்கிற பெண்களின் பக்கத்திலிருந்து வரனிசேசே என்கிற பெண் கேட்டாள். நரைத்த தலை, விரல் முழுக்கக் கறுப்புச் சாயம்.

"இதை வரைஞ்சது யாரு?"

மெஷின் என்று அபெனிசா சொன்னான்.

"மெஷின் வந்திருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. அவளும் கேலியாகக் கேட்கவில்லை. தப்புச் செய்தவர்தான் வந்து உட்கார வேண்டும் என்பது அங்கே முறை.

லைசானி கப்பலில் வரும்போது பேசுவதாகவே நினைக்கவில்லை. அந்த இடத்தில் பெண்ணாக, வேறு மாகாணத்துக்காரியாக, அவளுக்குப் பேச்சே கிடையாது. ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"நான் வந்திருக்கேன். அந்தக் காகிதத்துல இருக்கிறது என் பேரு. வரைஞ்சது நான் இல்ல. ஆனா பாத்தது நான். உங்க சாவு வீட்டுல இந்த வரிசையைக் கண்ணால பாத்தவ நான். தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டேன்."

தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பாயின் ஓரத்தில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து கை நீண்டு பல்லைத் தொட்டது. ஏற்றுக்கொண்டோம் என்ற சொல் வந்தது. மண்டபம் முழுக்கக் குழிந்த கைகளின் தட்டொலி எழுந்தபோதுதான் கிரித்பாய் அழுகிறார் என்று லைசானி கவனித்தாள்.

ஊர் பணம் கேட்கவில்லை. மீதிச் சட்டைகள் வெளியே போகக் கூடாது, போனவற்றைத் திரும்ப வாங்க வேண்டும், தப்பைத் தப்பென்று எழுதிக் கொடுக்க வேண்டும், இவ்வளவுதான். யங்கோனா இரண்டு சுற்று வந்த பிறகு பேச்சு இளகியது. வரனிசேசே லைசானியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"படத்தைப் பாத்ததுமே மனுசக் கை இல்லன்னு தெரிஞ்சுது, தங்கச்சி. நாங்க வரிசையைக் காலு பக்கத்துல ஆரம்பிச்சுத் தலைக்குக் கொண்டு போவோம். உங்க மெஷினு செத்தவரைத் தலைகீழாப் படுக்க வெச்சிருக்கு."

லைசானிக்குச் சிரிப்பதா கூடாதா என்று புரியவில்லை. வரனிசேசேயே சிரித்த பிறகு சிரித்தாள்.

சுவா திரும்பிய மூன்றாம் நாள் ஹேத்தல் லைசானியின் மேசைக்கு வந்து, ஒரு நாளைக்கு எத்தனை வடிவம் ஒழுங்காகப் பார்க்க முடியும் என்று கேட்டாள். எட்டு என்றாள் லைசானி. எட்டுதானா என்று ஹேத்தல் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டுதான் என்றும், லைசானி வேண்டாம் என்று சொன்னதை வேறு யாரும் மாற்றக் கூடாது என்றும் எழுதி மாட்டினாள். அந்த ஓர வரிசை, ஹேத்தல் இணையத்திலிருந்து எடுத்து மெஷினுக்குக் காட்டிய அருங்காட்சியகப் படங்களில் இருந்தது; அவற்றை மெஷினிலிருந்து நீக்க முடியுமா என்று விசாரித்தபோது, ஒரு தரம் கற்றுக்கொண்டதை அது மறக்காது, புதிதாகத்தான் தொடங்க வேண்டும் என்று பதில் வந்தது. புதிதாகத் தொடங்கினாள். இந்தத் தடவை லைசானியின் பழைய வரைபடங்களைக் கொடுக்கும் முன் அவளிடம் வந்து கேட்டாள். லைசானி ஒரு இரவு யோசித்துவிட்டுப் பாதியைத்தான் கொடுத்தாள். ஈரப்பலா இலையைக் கொடுக்கவில்லை. தையல் வரிசைக்குப் போன இருவரில் சைனிமேரே வரையும் அறைக்குத் திரும்பினாள். மற்றவளுக்குத் தையலே பிடித்துப்போயிற்று. டேவிட்டா ஆஸ்திரேலியாவிலிருந்து ஆப்பிள் மரத்தின் படம் அனுப்பினான், வருவதாகச் சொல்லவில்லை.

அடுத்த வருடம், மெஷின் செய்கிற வேலைகளுக்குச் சட்டம் எழுதுகிற குழு ஒன்று சுவாவில் மக்களைக் கூப்பிட்டுக் கேட்டது. நாசோலேவு சங்கதி அதற்குள் பரவியிருந்தது. லைசானிக்கும் கடிதம் வந்தது. காலை முழுக்க உரிமை யாருக்கு என்பதைப் பற்றி வக்கீல்கள் பேசினார்கள். அவளுக்கு அதில் பாதி புரிந்தது. அவள் முறை வந்தபோது எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சும்மா பேசினாள்.

"ஒரு ஆளு பேரு இருக்கணும்னு நீங்க எழுதப் போறீங்கன்னு சொன்னாங்க. நல்லது. என் பேரும் இருந்துச்சு. ஆனா பேரு மட்டும் இருந்தா அது பழி போடுறதுக்குத்தான் ஆகும். அந்த ஆளுக்குப் பாக்குறதுக்கு நேரம் குடுங்க. வேணாம்னு சொன்னா வேணாம்னு ஆகுற மாதிரி அதிகாரம் குடுங்க. இது ரெண்டும் இல்லாம என் கையெழுத்து எதுக்கு?"

குழுவில் ஒருவர், நேரம் என்பதைச் சட்டத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். லைசானிக்குத் தெரியவில்லை; தெரியவில்லை என்றே சொன்னாள். பின்னால் வந்த வரைவில் சரிபார்ப்பவருக்கு நிறுத்தும் அதிகாரம் உண்டு என்று ஒரு வரி இருந்தது. நேரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த வரைவு இன்னும் சட்டமாகவில்லை.

இப்போதும் முக்கால்வாசிச் சட்டைகள் மெஷின் வடிவத்தில்தான் போகின்றன. மாதத்துக்கு ஒரு வடிவம் மட்டும் லைசானி கையால் வரைகிறாள். காலருக்குக் கீழே அவள் பெயர் போட்ட சின்னத் துணி தைத்திருக்கும். அதைக் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். போன வாரம் சவுசவு ஊரிலிருந்து ஒரு பள்ளித் தலைமையாசிரியர் போன் செய்தார். ஐம்பதாவது ஆண்டு விழாவுக்குச் சட்டை வேண்டும், நீங்களே வரைந்து தர வேண்டும் என்றார். உங்கள் பள்ளி முற்றத்தில் என்ன மரம் இருக்கிறது என்று கேட்டாள். அவர் யோசித்தார். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறேன், பேர் தெரியாதே என்று சங்கடப்பட்டார்.

"பேர் வேண்டாம் சார். ஒரு இலையை எடுத்து அது எப்படி இருக்குன்னு சொல்லுங்க, போதும்."

அவர் போனை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தூரத்தில் பிள்ளைகளின் கூச்சல். லைசானி பேனாவை எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.