உள்ளங்கையில் ஒரு சிலாம்பு

டீத்தூள் வாசனைக்கு எல்லோருக்கும் நாக்கு ஊறும். எனக்கு இந்த வாரம் முழுக்க நெஞ்சு படபடக்கிறது!

காரணம் ஒரு பெட்டி. மலை எஸ்டேட்டிலிருந்து டீ ஏற்றிப் போகும் பலகைப் பெட்டி லேசாக உடைந்தால் போதும்... கம்பம் பக்கத்து எங்கள் கூடலூரில் ஏதாவது ஒரு வீட்டில் அலமாரியாக மறுபிறவி எடுத்துவிடும். நானும் ஒன்றை வாங்கி, என் ஆறு வயது மகள் செல்விக்கு பெஞ்ச் செய்தேன். அறுக்க அறுக்க வீடே மணந்தது. நாலு காலும் தரையைத் தொட்டன — அதுவே ஆச்சரியம்! உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மட்டும் பொறுமை இல்லை. மரத்தின் ரேகை அழகாயிருக்கிறதே, அதை அழிப்பானேன் என்று ஒரு சாக்கு வேறு.

மறுநாள் காலை அந்த ரேகையில் ஒன்று சிலாம்பாகப் பெயர்ந்து செல்வியின் உள்ளங்கைக்குள் இறங்கிவிட்டது.

அப்புறம் நான் செய்ததெல்லாம் தப்பு. அவளை மடியில் அமுக்கிப் பிடித்து, நகத்தால் கிள்ளி, மேல்நோக்கி இழுத்தேன். பாதி வந்தது. பாதி உள்ளே ஒடிந்தது. வெற்றிலை விளைகிற சீமையில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? வெல்லத்தோடு குழைத்து அப்பினேன். சிலாம்பை இழுத்துவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. இழுக்கவில்லை. எரிந்தது. கை சிவந்தது. அதைவிட... கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஓரடி பின்வாங்கினாளே, அதுதான் தாங்கவில்லை.

கம்பத்து டாக்டரிடம் போகக் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறினோம். யுத்தத்தால் பெட்ரோல் இல்லாத நாளில் வேறு கதி? பாதி வழியில் நின்றது. டிரைவர் கரியைக் கிளற, எல்லோரும் காப்பிக் கடையில் ஒதுங்கினோம். செல்வி என் பக்கத்தில் உட்காரவில்லை. எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு அம்மாளின் மூட்டைமேல் போய் உட்கார்ந்தாள்.

"ஏ ஆத்தா, கைக்குள்ள என்ன, கருப்பட்டியா? எனக்குந் தா."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெத்தலைக்குத் தடவுறதப் புள்ள கையில தடவியிருக்கீகளேண்ணே! பாக்கு ஒண்ணுதான் வைக்கல."

கடையே சிரித்தது. நானுந்தான்.

"டீப்பெட்டி அடிக்கிற ஷெட்டுலதான் எனக்கு வேல. தெனம் ஒண்ணு ஏறும்" என்றபடி கடைக்காரரிடம் வெந்நீர் வாங்கினார். சோப்புப் போட்டு முதலில் தன் கை, பிறகு குழந்தையின் கை. சுருக்குப் பையிலிருந்த ஊசியையும் முள்வாங்கியையும் கொதிநீரில் போட்டுவைத்தார்.

"ஏ ஆத்தா, பெஞ்சுல கைய எந்தப் பக்கமாத் தேச்ச? அங்கிட்டிருந்தா? அப்ப வந்த வழியாத்தான் திரும்பணும். நொந்தா நில்லுன்னு சொல்லு. நின்னுருவேன்."

"நில்லு!"

"இன்னுந் தொடவே இல்லடி!"

ஆனாலும் ஊசி நின்றது. அடுத்த 'நில்லு'க்கும் நின்றது. மூன்றாவதுக்கும். வெயில் படும்படி கையைத் திருப்பி, மேல்தோலை மட்டும் லேசாக விலக்கி, நுனியைப் பற்றி, நுழைந்த வழியே சரிவாக இழுத்தார். வந்துவிட்டது — ஒரு நெல்லின் நீளம்கூட இல்லை!

வீட்டில் அவள் அழ அழ நான் ஒருமுறைகூட நிறுத்தவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகள் அழுவது வலியாலா, நாம் கேளாததாலா?

இப்போது பெஞ்சின் ஓரங்களை மழுக்கி, உப்புத்தாள் போட்டு, மெழுகும் தேய்த்தாயிற்று. பழந்துணியால் தடவிப் பார்த்தேன். நூல் எங்கும் சிக்கவில்லை. சின்னக் கைகள் உள்ள வீட்டுக்காரர்களே, நீங்களும் ஒருமுறை தடவிப் பாருங்கள். அந்த அம்மாளிடம் பெயர் கேட்க மறந்தேன். நன்றியை இந்த எழுத்தில் அல்லாமல் வேறு எங்கே வைப்பேன்?

அன்று பஸ் மறுபடி கிளம்பி, கம்பத்தில் நாங்கள் இறங்கினோம். அவர் சின்னமனூர் போகிறவர். ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"டாக்டர்ட்ட ஒருக்காக் காட்டிருங்கண்ணே. வீக்கம் கூடுனா சும்மா இருந்துராதீக. இன்னொண்ணு... புள்ள நில்லுன்னா நிக்கணும். தெரியுமில்ல?"

நான் வாய் திறக்குமுன், செல்வி என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க போயிட்டு வாங்கத்தே. அப்பாவுக்கு நாஞ் சொல்லிக் குடுத்துக்கிறேன்."