பின்சீட்டில் பூனை, பக்கத்தில் நான்

போன வாரம் கீரமங்கலத்திலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு பூனையைக் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சேர்த்தேன் என்பது கொஞ்சம் அதிகம்தான். என்னையும் பொறுத்துக்கொண்டு அது போய்ச் சேர்ந்தது என்றால் சரியாக இருக்கும்.

பூனை என் தங்கை மல்லிகாவுடையது. பேர் துரை. வேலை ஒன்றும் கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடு மட்டும் வந்துவிட வேண்டும் – வேறென்ன பேர் வைப்பது?

மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிறார். மல்லிகாவுக்கு பேங்க் வேலை. சாயங்காலம் அவள் வீடு திரும்பினால் வாசல்வரை வந்து கூட்டிப்போகிற ஒரே ஜீவன் துரைதான். இப்போது கோயம்புத்தூருக்கு ட்ரான்ஸ்பர். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊர். துரையும் வராவிட்டால்...?

எங்கள் பக்கத்தில் பூனையை இடம் மாற்ற ஒரே முறைதான் உண்டு. சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, வழி மறந்து போவதற்காக நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத் தூக்கிப்போவது. அது பூனையைத் தொலைக்கிற முறை. கூடவே வைத்துக்கொள்ளும் முறையை யாரும் யோசித்ததில்லை.

மல்லிகா மாட்டாஸ்பத்திரி டாக்டரிடமே போய்க் கேட்டு வந்துவிட்டாள். மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்றை வாங்கி, தன் பழைய நைட்டியை உள்ளே விரித்து, வீட்டு மூலையில் திறந்தே வைத்தாள். துரை முதலில் முகர்ந்து பார்த்தது. அப்புறம் தலையை விட்டது. ஒரு வாரத்தில் மத்தியானத் தூக்கமே அதற்குள்தான். 'எலி வளையானாலும் தனி வளை வேணும்' – இந்தப் பழமொழிக்குப் பூனையும் தலையாட்டும் போலிருக்கிறது.

புறப்படுகிற காலையில் சாப்பாடு கூடாது என்பதும் டாக்டர் சொன்னதுதான். அடுத்த வீட்டு அக்கா விடுவாரா? வெறும் வயிற்றோடு யாரும் வாசல் தாண்டக்கூடாது என்று மீன் தலையோடு வந்து நின்றார். அவரைச் சமாதானம் செய்து மீன் தலையைத் திருப்பி அனுப்பியவன் நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அத்தோடு என் பெருமை முடிந்தது.

வாடகைக் கார் டிரைவர் முருகேசன். புது வண்டி. சீட்டின் பாலித்தீன் கவரைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கூடையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஏண்ணே, பூனை குறுக்க போனாலே வண்டிய நிறுத்துற ஆளு நான். நீங்க உள்ளயே ஏத்துறீங்க."

பேசிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். திருச்சி வரைக்கும் பார்ப்பது. அடங்கி வந்தால் கோயம்புத்தூர். கத்திக்கொண்டே வந்தால் நான் துரையோடு திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து ஊர் திரும்புவது. மல்லிகா சரி என்றாள். சொல்லும்போது கூடையின் கைப்பிடியை விடவில்லை.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு காரும் ஆகாது, பஸ்ஸும் ஆகாது. ரோடு வளைந்தால் வயிறும் கூடவே வளையும். அதனால் எங்கே கிளம்பினாலும் பையில் எலுமிச்சம்பழம். நகத்தால் ஒரு கீறல், மூக்கருகே ஓர் இழுப்பு – ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கிளம்பினோம். பின்சீட்டில் மல்லிகா, நான், நடுவில் கூடை. பழத்தைக் கீறி ஓர் இழுப்பு இழுத்தேன்... துரை ஆரம்பித்தது. சாதாரண மியாவ் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, எதிரே வந்த பஸ் ஹாரனுக்குப் போட்டியாக ஓர் ஓலம்.

பாவம், அதற்கும் என்னைப் போலவே குமட்டுகிறது! எனக்கு மனசு கேட்கவில்லை. கூடையின் இடுக்கு வழியாகப் பழத்தை அதன் மூக்குக்கு நேராக நீட்டினேன். ஓலம் கூடியது. வாசனை போதவில்லை போல... இன்னும் ஆழமாகக் கீறி நீட்டினேன். கூடையே ஆடியது. புதுக்கோட்டையில் வண்டியை நிறுத்தச் சொல்லி மேலும் பழங்கள் வாங்கி, ஒன்றைப் பிளந்து பாதியைக் கூடையின் மேலேயே வைத்தேன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டாமா?

முருகேசன் அடிக்கடி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். மல்லிகா மைல்கற்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். திருச்சி குறைந்துகொண்டே வந்தது.

கீரனூரில் டீக்கு நிறுத்தினோம். மல்லிகா காரிலேயே இருந்துகொண்டாள். நான் பழங்களை – கூடை மேலிருந்த பாதியையும் சேர்த்து – ஞாபகமாக அள்ளிக்கொண்டு இறங்கினேன். டீ பாதி குடிக்கும்போதுதான் உறைத்தது. சத்தமே இல்லை.

பதறிப்போய் ஓடினேன். மல்லிகா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். துரை முன்னங்கால் மேல் தாடையை வைத்துக்கொண்டு சாவகாசமாகப் படுத்திருந்தது. நிம்மதியாக ஏறி உட்கார்ந்தேன். கத்தியது. இறங்கினேன். நின்றது. மறுபடி ஏறினேன்...

"அண்ணே, அது காருக்குப் பயப்படல. ஒன்னையப் பாத்துத்தான் கத்துது" என்றாள் மல்லிகா.

"நான் என்ன ஆத்தா பண்ணுனேன்? தெனம் கருவாடு வாங்கியாந்து போட்டவன்ல?"

"கையில என்ன, காட்டு."

வாங்கினாள். கூடைப் பக்கம் கொண்டுபோனாள். துரையின் காது இரண்டும் பின்னால் மடங்கின. கடைசி மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. பழத்தை எடுத்துக்கொண்டு அவள் இறங்கினாள். காது நிமிர்ந்தது.

"ஒனக்கு மருந்து. அதுக்கு மொளகாப் பொடி" என்றாள் மல்லிகா.

யோசித்துப் பாருங்கள். நாம் அடுத்தவருக்குச் செய்கிற உபகாரத்தில் பாதி இப்படித்தானே இருக்கிறது? நமக்குக் கேட்ட மருந்தை அவர் மூக்கில் வைக்கிறோம். அவர் கத்தினால், போதவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் வைக்கிறோம்.

பழம் அத்தனையையும் டீக்கடையிலேயே கொடுத்தேன். லெமன் டீக்கு ஆகும். கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். மல்லிகா கூடை மேல் ஒரு துண்டைப் போர்த்தினாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று கேலி பேசுகிறோமே... இருண்டுதான் போகிறது. அதில்தான் அதற்கு நிம்மதியும் இருக்கிறது.

திருச்சி வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற இடத்தில் முருகேசன் வேகத்தைக் குறைத்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். துண்டுக்கு அடியில் ஒரு சத்தமும் இல்லை. வண்டியைக் கரூர் ரோட்டில் திருப்பினார்.

மல்லிகா அப்போதுதான் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

அதற்குப் பிறகு கோயம்புத்தூர் வரை துரைக்குத் தூக்கம். எனக்கு? எலுமிச்சம்பழம் இல்லாத பயணம் எப்படி இருக்கும் என்று விவரமாக எழுதினால் நீங்கள் காலைச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிடுவீர்கள். கரூரைத் தாண்டி, காங்கேயத்தைத் தாண்டி, முருகேசன் எங்கெங்கோ வண்டியை ஓரம் கட்டினார். கடைசியில் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே சொன்னார்.

"பூனைய எத்தன தடவ வேணும்னாலும் ஏத்தலாம்ணே. ஒங்களத்தான் ஏத்தக் கூடாது."

திரும்பி வரும்போது பஸ். பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. கீறுவதற்கு முன்னால் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன்.