ஸ்லோ நிற்காத வண்டி

தொண்ணூறுகளில் மராத்தி ஊரான போபோடியில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததே ஒரு கிழட்டு டீசல் பிக்கப்பை நம்பித்தான். காலையிலேயே சாம்பார் சாதம் கிளறி, அண்டாக்களை அதில் ஏற்றி, ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்கு நானும் வீட்டுக்காரரும் கொண்டுபோவோம். அந்த வருஷம் தசரா முடிந்ததும் வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது. சிக்னலில் நின்றால் ஒரு நேரம் இன்ஜின் கத்தும். ஒரு நேரம் உடம்பெல்லாம் குலுங்கி அணைந்துபோகும். மெக்கானிக்குகள் பாஷையில் சொன்னால், ஸ்லோ நிற்கவில்லை, நின்ற இடத்தில் மெல்ல ஓடும் ஓட்டம் சீராக இல்லை.

இரண்டு முறை சாப்பாடு தாமதம். இரண்டாம் முறை கேன்டீன் அதிகாரி அண்டாவை இறக்கவே விடவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் எங்களை வெயிலில் நிறுத்தி இந்தியில் திட்டித் தீர்த்தார். இன்னொரு நாள் தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம்.

வைத்தியம் தொடங்கியது. பக்கத்து வீட்டு மராத்திக்காரர் ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு "நாசில்" என்றார், டீசல் பீய்ச்சும் முனைதான் கோளாறாம். மாற்றினோம். கோந்த்வாவிலிருந்து ஸ்கூட்டரில் வந்த மெக்கானிக், ஆம்பூர்க்காரப் பாய், "ஃபில்டர்" என்றார். அதையும் மாற்றினோம். ஆளாளுக்கு அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி, "இப்பக் கேளுங்க, பட்டு மாதிரி ஓடுது" என்பார்கள். பட்டு, கட்கி தாண்டுவதற்குள் கிழிந்துவிடும்.

ஒரு நாள் அண்டாக்களை ஏற்றியாகிவிட்டது. வண்டி வாசலிலேயே அணைந்தது. வேறு ஆள் வந்துவிடுவான் என்ற பயம் எனக்கு. அன்றும் வந்திருந்த பாயும் பக்கத்து வீட்டுக்காரரும் நாசிலா ஃபில்டரா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, என் வீட்டுக்காரரிடம் வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்லோ ஸ்க்ரூவில் முட்டி நிற்கும் டீசல் பம்பின் லீவரில் ஒரு மஞ்சள் கயிறு. அதில் ஒரு விரலி மஞ்சள். ஆயுத பூஜையன்று இவர் பக்தியோடு கட்டியது. குலுங்குகிற குலுங்கலில் அது லீவருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே போய் உட்கார்ந்தது, இன்ஜின் கத்தியது. அந்தச் சத்தத்தைக் குறைக்கத்தான் முதலில் இவரும் பிறகு எல்லோரும் ஸ்க்ரூவைத் தளர்த்தியிருக்கிறார்கள். மஞ்சள் நழுவியது, தளர்ந்த ஸ்க்ரூவால் டீசல் போதாமல் வண்டி செத்தது.

"அடப்பாவிகளா, இத யாருமே பாக்கலையா?"

"மொத நாளே பாத்தேன்க்கா," என்றார் பாய். "சாமி சமாச்சாரம். நான் கை வெக்கலாமா?"

பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்திருந்தாராம். "தேவாச்ச ஆஹே, வஹினி," என்று கும்பிட்டார். சாமியுடையதாம், அண்ணி என்கிறார்!

நான் கயிற்றை அறுத்தேன்.

"ஏய், தெய்வக் குத்தம்டி!" என்று இவர் அலறினார்.

"சோத்துல மண்ணு விழுதே, அது குத்தமில்லையா?"

பாய் ஸ்க்ரூவைப் பழையபடி வைத்தார். இன்ஜின் ஒரே சீராக ஓடியது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் கரண்டியோடு பரிமாற, இவர் சட்டைப்பையிலிருந்து அந்த மஞ்சளை எடுத்து அதிகாரியிடம் காட்டி, வண்டி சீராக ஓடுவதெல்லாம் இதன் மகிமை என்று கூசாமல் அளந்தார். அதிகாரி அசந்துபோனார். தன் டீசல் ஜீப்புக்கும் ஒன்று கட்டித் தரச் சொன்னார்.

"எங்கடி கட்டட்டும்?" என்று இவர் தமிழில் என்னைக் கேட்டார்.

எனக்கு அந்த வெயில் ஞாபகம் வந்தது.

"நம்ம வண்டில கட்டுனீங்களே, அதே எடத்துல," என்றேன்.