கெசையாவுக்குச் சேரவேண்டிய விறகு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது வெர்னா ஸ்டிடமுக்கு நடந்தது. அவளை எனக்கு நன்றாகத் தெரியும். கதை கட்டிச் சொல்லுமளவுக்குக் கற்பனை அவளுக்குக் கிடையாது.

எங்கள் கென்டக்கி மலைகளில் முதன்முதலில் குடியேறியவர்களின் வாரிசுகளுக்கு ஒரு சங்கம் உண்டு. அதில் சேர்ந்து பதக்கம் குத்திக்கொண்டு திரிய வெர்னாவுக்கு ஆசை. அதற்காகக் கோர்ட்டில் பழைய கல்யாணப் பதிவுகளையும் உயில்களையும் கிளறினாள். கிளறியதில் கெசையா அகப்பட்டாள்.

கெசையாவுக்கு மூன்று கல்யாணம். முதல் புருஷன் காடு வெட்டும்போது மரம் விழுந்து செத்தான். உயிலில் அவளுக்கு ஒரு பசு. இரண்டாமவன் காய்ச்சலில் போனான். அவள் படுத்த கட்டிலை மட்டும் அவளுக்கு எழுதியிருந்தான். மூன்றாமவன் அப்சலோம் ஸ்டிடம். வீடும் நிலமும் மூத்த தாரத்து மகன் லெவிக்கு. கணப்புக்குப் பின்னாலுள்ள அறை, சாகும்வரை கெசையாவுக்கு. பனிக்காலத்தில் லெவி அவள் வாசலில் விறகு வெட்டிப் போட வேண்டும். அவ்வளவுதான் அவன் உயில்.

வெர்னா லெவியின் வம்சம். கெசையாவுக்குக் கல்லறையே இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு இளக்காரம் தாங்கவில்லை.

அந்த வீட்டில் இப்போது கிளெல் தனியாக இருக்கிறான். வெர்னாவுக்குத் தம்பி முறை. பனி கொட்டிய ஒரு மத்தியானம் அவள் அங்கே போனாள். பரம்பரை வீட்டில் உட்கார்ந்துதான் குடும்பச் சரித்திரம் எழுதுவாளாம். உயிலில் சொன்ன அறையைத் தேடினாள். கணப்புக்குப் பின்னால் வெறும் பலகைச் சுவர்தான் இருந்தது.

"மூணு பேரை முழுங்கினவ. நாலாவதா ஒருத்தனைப் பிடிச்சுக்கிட்டு ஓடியிருப்பா," என்றாள்.

"உன்னைக் கட்டினவரும் ஓடித்தானேக்கா போனாரு," என்றான் கிளெல். கன்றுகளுக்கு வைக்கோல் போடப் போய்விட்டான்.

வெர்னா கணப்பருகில் உட்கார்ந்தாள். 'கெசையா ஓடிப்போனாள்' என்று எழுதினாள்.

தீ நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் விரல்கள் விறைத்தன. இன்னொரு கட்டை போட்டாள். தீ உயர்ந்தது. சூடு மட்டும் வரவில்லை.

அப்போது சுவருக்குப் பின்னால் ஒரு சத்தம்.

கிரீ...ச்.

ஆணி அடித்த பலகையைப் பெயர்த்தெடுக்கும் சத்தம். பிறகு அமைதி. பிறகு மறுபடியும்.

கிளெலின் சேஷ்டை என்று நினைத்தாள். ஜன்னலில் பார்த்தாள். அவன் தொழுவத்தருகே, தோளில் வைக்கோலோடு நின்றுகொண்டிருந்தான்.

கிரீ...ச். இப்போது இன்னும் கிட்டத்தில்.

"லெவி..."

பெண் குரல். வறண்டு போன குரல்.

"விறகு..."

நடுக்கத்திலும் வெர்னாவுக்குத் திமிர் போகவில்லை. "லெவி செத்து எத்தனையோ காலமாச்சு. போ."

சுவருக்குப் பின்னாலிருந்து மறுபடியும் அதே குரல்.

"அப்ப நீ யாரு?"

"நான்... லெவி வீட்டுப் பொண்ணு."

சொல்லியிருக்கக் கூடாது.

தீ வளைந்தது. மேலே போகவில்லை. பின்பக்கம் போனது... கல் இடுக்கு வழியே, சுவருக்குள்... யாரோ உறிஞ்சுவது போல.

கட்டைகள் கறுத்தன.

அவள் மூச்சு வெள்ளையாக வந்தது.

ஓடினாள்.

கிளெல் சிரித்தான். சங்கம் பதக்கம் கொடுத்தது. 'ஓடிப்போனாள்' என்ற வரியோடு குடும்பச் சரித்திரமும் அச்சாகி வந்தது.

வசந்தத்தில் புகைபோக்கி சாய்ந்தது. பழுது பார்க்க வந்த கொத்தனார்கள் கணப்புக்குப் பின்னாலிருந்த பலகைகளைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு கதவு. வெளியிலிருந்து ஆணி அடித்த கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை.

அறையில் கட்டில் இல்லை. தரையும் இல்லை, வெறும் மண். தரைப் பலகை ஒவ்வொன்றையும் பெயர்த்து எரித்திருந்தாள். கதவின் உட்பக்கத்தையும் கை எட்டும் உயரம்வரை செதுக்கி எரித்திருந்தாள். எலும்புகள் சாம்பலருகே சுருண்டு கிடந்தன.

வெர்னாவுக்குத் தகவல் போனது. அந்த வரியை அவள் திருத்தவில்லை. சங்கத்தில் என்ன நினைப்பார்கள் என்றாளாம்.

எலும்புகளை எடுக்கக் குனிந்த கொத்தனார் சாம்பலில் கை வைத்தார். சட்டென்று இழுத்துக்கொண்டார். விரல்கள் கொப்பளித்திருந்தன.