இல்லாத நோய்க்கு ஏறிய படிகள்

என் வீட்டுக்காரர் பூவராகவன் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தார். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வந்து நிற்கும். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அந்த பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார், எங்கள் கல்யாணத்துக்கு மூன்றே நாள் லீவு போட்டவர். அப்படிப்பட்ட மனுஷன் சொந்தமாகத் தொழில் செய்தால் ஊரையே வளைத்துவிடுவார் என்று நான்தான் நினைத்தேன். வேலையை விடச் சொன்னவளும் நான்தான்.

தொழில் என்றால் கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது. போட்டோகிராபர் எடுத்துக் கொடுக்கிற இரண்டாயிரம் படத்தில் நல்லதைப் பொறுக்கி, பக்கம் பக்கமாக அடுக்கி, பிரிண்டுக்கு அனுப்ப வேண்டும். திருப்பதியில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்தோம். முதல் மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. அப்புறம் காலை ஏழு மணி எட்டானது, எட்டு பத்தானது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். நான் கிளம்பும்போது வேலைக்கு உட்காரப் போகிறவராக இருப்பார், சாயங்காலம் திரும்பும்போதும் உட்காரப் போகிறவராகவே இருப்பார்.

சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று போனில் மணிக்கணக்காக வீடியோ பார்ப்பார். நாலு கலரில் டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டினார். மேஜை தெற்குப் பார்த்து இருப்பதால்தான் மனசு ஓடவில்லை என்று கிழக்கே திருப்பினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கிண்டல் செய்தேன். சிரித்தார். கஸ்டமர்களுக்கு என்ன பதில் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, எனக்கு லீவு. அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது, எடுத்தேன். சித்தூரிலிருந்து சுலோசனா என்று ஓர் அம்மாள். அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவர். மகள் ரூபாவின் கல்யாண ஆல்பத்தை இவரிடம் கொடுத்திருந்தார். ஒரு மாதத்தில் தருவதாகப் பேச்சு, அப்போது ஆறு மாதமாகியிருந்தது.

"யாரும்மா பேசறது?"

"அவரு வீட்டுக்காரம்மாங்க."



"ஆஸ்பத்திரியில இருந்து உட்டுட்டாங்களா கண்ணு? நீ ஏன் எழுந்து போனை எடுக்கற? படுத்துக்கினு இரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே பேசிக்கொண்டு போனார்.

"நேத்துதான் லீவு சொல்லிட்டு திருப்பதி மலைக்குப் போனேன். அடிவாரம் அலிபிரியில இருந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வச்சுக்கினே ஏறினேன். முழங்கால் முறிச்சான் ஏத்தத்துக்கிட்ட போறப்போ என்னால ஆவல. உன் பேருகூட எனக்குத் தெரியாது கண்ணு. பூவராகவன் பொண்டாட்டி எழுந்து நடமாடணும்னுதான் வேண்டிக்கினேன். சாமிக்குத் தெரியாதா நீ யாருன்னு? இப்ப எப்புடி கீது உடம்பு?"

மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் படிகள். ஒவ்வொன்றுக்கும் குனிந்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, நிமிர்ந்து, அடுத்த படி. கட்டிக்கொடுத்த மகள் இருக்கிற ஒருத்தி, நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிறவள், முகம் தெரியாத எனக்காக ஏறியிருக்கிறாள். நான் முதல்நாள் ராத்திரிதான் பிரியாணி தின்றேன்.

உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "இப்ப பரவால்லம்மா" என்பதுதான். வீட்டுக்காரரின் மானத்தைக் காப்பாற்ற நினைத்தேனோ என்னவோ. அந்த ஒரு வார்த்தையில் நானும் அவருக்குக் கூட்டாளி ஆகிவிட்டேன்.

அவர் தலை துவட்டிக்கொண்டு வந்தார்.

"எனக்கு இன்னா நோவுன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

முகம் செத்துப்போனது. துண்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நோவு பேரு சொல்லல. சீரியஸா கீதுன்னு மட்டும்தான் சொன்னேன்."

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது, கரண்ட் இல்லை, பிரிண்டுக்காரன் ஊருக்குப் போய்விட்டான் என்று கைவசம் இருந்த சாக்கெல்லாம் தீர்ந்துபோயிருக்கிறது. ஜனவரிக் கடைசியில் ரூபா புருஷனோடு குவைத் போகிறாள், கையில் ஆல்பம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டபோது வேறொன்றும் வாயில் வரவில்லையாம். நான்தான் வந்தேன், நோயாளியாக. ரூபா வெறுங்கையோடு விமானம் ஏறிவிட்டாள். ஒருத்தி உசுருக்குப் போராடும்போது ஆல்பம் ஆல்பம் என்று நச்சரிக்காதே என்று மகளைத் தாய் அடக்கியிருக்கிறார்.

"எத்தினி நாள் வேலை அது?"

"ரெண்டு நாளு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். ரெண்டு நாள் வேலையை ஆறு மாதம் ஏன் இழுத்தீர்கள் என்று கத்தினேன். துண்டை முறுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"மொதல்ல சோம்பேறித்தனம்தான், இல்லன்னு சொல்லல. ஒரு மாசம் தாண்டினதும் அந்த போட்டோவத் தொறந்தாலே அந்த அம்மா மொகம்தான் தெரியும். வெக்கமா இருக்கும், மூடிடுவேன். மூடினா இன்னும் லேட்டாவும். அப்பறம் தொறக்க இன்னும் வெக்கம். கம்பெனியில யாராவது வந்து ஏன்டான்னு கேப்பான், திட்டு வாங்கிக்கினு செஞ்சிருவேன். இங்க கேக்கறதுக்கு ஆளில்ல."

கேட்கிறதுக்கு நான் இருந்தேன். மேஜையைத் திருப்பினதைக் கேலி செய்யத் தெரிந்த எனக்கு, யாருடைய வேலை நிற்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் சொந்தத் தொழில் செய்கிறார் என்று ஊரில் சொல்லிக்கொள்வது மட்டும் ருசித்தது.

அந்தச் சனி ஞாயிறு இரண்டு நாளும் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவரும் சாப்பாட்டுக்குத் தவிர எழவில்லை. ஞாயிறு சாயங்காலம் ஆல்பம் முடிந்துவிட்டது. முடிந்ததைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது.

பிரிண்ட் வந்த பிறகு இருவரும் சித்தூருக்கு பஸ் ஏறினோம். உண்மையை அவரேதான் சொல்ல வேண்டும், என்னால் முடியாது என்று வழியிலேயே சொல்லிவிட்டேன். தலையாட்டினார். ஆல்பப் பெட்டியை இரண்டு மணி நேரமும் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

சுலோசனாம்மா ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து கதவைத் திறந்தார். முழங்காலில் எண்ணெய்த் துணி சுற்றியிருந்தது. "நீ ஏன் கண்ணு இவ்ளோ தூரம் வந்தே" என்று என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை வைத்தார். பால் காய்ச்சக் கிளம்பினவரை இவர் தடுத்து உட்காரவைத்து, ஆல்பப் பெட்டியைக் கொடுத்தார்.

"அம்மா, இவளுக்கு ஒண்ணும் இல்ல. நான் பொய் சொன்னேன். வேலைய முடிக்காம பொய் சொன்னேன்."

அந்த அம்மாள் இவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"உனுக்குத் தெரியுமா?"

"நீங்க போன் பண்ணப்போதான்மா தெரியும்."

"அன்னிக்குப் பரவால்லன்னு சொன்னியே."

முதுகுக்குப் பின்னால் இருந்த தலையணையை எடுத்துக் கீழே வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ரூபா வீடியோவில் கூப்பிட்டாள். நாங்கள் வருவது அவளுக்குத் தெரியும். "ஆல்பம் வந்துச்சாம்மா? அந்த அக்கா எப்புடி கீறாங்க?" என்று விசாரித்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

சுலோசனாம்மா போனை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நல்லாயிட்டாங்க. தோ, எதிர்லதான் உக்காந்துக்கினு கீறாங்க."

போனை என் பக்கம் திருப்பினார். ரூபா சிரித்தாள். அம்மா எனக்காக எவ்வளவு அழுதாள் என்று சொன்னாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டினேன்.

பேசி முடித்து போனை வைத்ததும் சுலோசனாம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நான் ஏமாந்துட்டேன்னு எம்பொண்ணுகிட்ட சொல்ல வெக்கமா கீது. அதான் பொய் சொன்னேன். இத்தினி வருஷத்துல அவகிட்ட நான் பொய் சொன்னதில்ல. நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க."

பெட்டி அவர் மடியில் மூடியபடியே இருந்தது. எங்கள் எதிரில் அதைத் திறக்க மாட்டார் என்று தெரிந்து எழுந்து வந்துவிட்டோம்.